போர் தண்ணீரின் கடினத்தன்மை: வீடு முழுவதற்கும் சாஃப்ட்னர் வேண்டுமா?

நொய்யல்கரை:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் மதுக்கரைக்குச் செல்லும் வழியில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குச் சென்ற தை மாதம் குடியேறினோம். எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் பத்து நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் 720 அடி ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கிறோம். நகரத்துக்குள் சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்தவன் நான் என்பதால், தண்ணீர் என்பது ஒரு பிரச்சினையாக இருக்கக்கூடும் என்பதே ஐந்து மாதங்களுக்கு முன்பு வரை எனக்குத் தெரியாது.

எவர்சில்வர் தம்ளர்களில் எவ்வளவு துடைத்தாலும் வெள்ளைப் புள்ளிகள் நிற்கின்றன. நான்கு விசிலில் வெந்துகொண்டிருந்த துவரம் பருப்பு ஏழு விசிலுக்குப் பிறகும் விரலில் நசுங்க மறுக்கிறது. புதிய கீசர் சூடேறும்போது சோளம் பொரிவதுபோல் ஒலி எழுப்புகிறது. ஷவரின் துளைகளில் பாதி அடைத்துவிட்டன, குளித்தபின் தலைமுடி நார்போல் ஆகிறது என்று என் மனைவி சொல்கிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் வந்தார். பேனா போன்ற கருவியைத் தண்ணீரில் விட்டு ‘டிடிஎஸ் 1480’ என்று காட்டினார். பிறகு எங்கள் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரிலும், தான் கொண்டுவந்த, சவ்வு வழியே உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீரை இன்னொரு தம்ளரிலும் ஊற்றி, இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் செலுத்தினார். இரண்டே நிமிடங்களில் எங்கள் தண்ணீர் சாக்கடைபோல் பழுப்பாகிப் பச்சை நிறத்தில் நுரை தள்ளியது, அவருடையது தெளிவாகவே இருந்தது. “இதைத்தான் உங்கள் குழந்தை குடிக்கிறது” என்று அவர் சொன்னதும் என் தாயார் அழாத குறைதான். வீட்டுக்குள் வரும் தண்ணீர் முழுவதிலும் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் அமைப்புக்கு அவர் சொன்ன விலையில் மாடியில் இன்னோர் அறை கட்டிவிடலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

பழைய ஆய்வகம்:

முதலில் முன்பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பார்த்த கம்பி வித்தையைக் காட்டி விற்பனை செய்யாத ஊர் தமிழ்நாட்டில் மிகக் குறைவு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கருவியின் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புகள் கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும்; கடத்தும்போது அந்த இரும்புக் கம்பியே கரைந்து, இரும்பு ஹைட்ராக்சைடாக, அதாவது ஒருவகைத் துருவாக, தண்ணீரில் மிதக்கும். நீங்கள் பார்த்த பழுப்பும் பச்சையும் உங்கள் கிணற்றிலிருந்து வரவில்லை, அவருடைய கம்பியிலிருந்து வந்தன. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவாக இருப்பதால் மின்சாரம் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை. அடுத்த முறை அவர் வந்தால், அவருடைய தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும்.

அடுத்ததாக டிடிஎஸ். அந்தப் பேனாக் கருவி மின்கடத்துதிறனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி, கரைந்துள்ள மொத்த உப்புகளின் தோராயமான அளவைக் காட்டுகிறது. அது கால்சியமா, மெக்னீசியமா, சோடியமா என்று அதற்குத் தெரியாது. ஆகவே ‘டிடிஎஸ் 1480’ என்பதை வைத்து உங்கள் பருப்பு ஏன் வேகவில்லை என்று சொல்ல முடியாது. டிடிஎஸ் 1480 உள்ள தண்ணீரில் பெரும்பகுதி சாதாரண உப்பாகவும் இருக்கலாம், சுண்ணாம்புச் சத்தாகவும் இருக்கலாம்.

நம் பேச்சு வழக்கே இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் என்பது என் கருத்து. ‘உப்புத் தண்ணீர்’ என்ற ஒரே பெயரில் நாம் மூன்று வெவ்வேறு தண்ணீர்களைக் குறிப்பிடுகிறோம். நாக்கில் கரிக்கும் தண்ணீர் ஒன்று, அதில் சோடியம் குளோரைடு மிகுதி. காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீர் இன்னொன்று, அதில் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகள் மிகுதி. இதைத்தான் பாடப்புத்தகம் தற்காலிகக் கடினத்தன்மை என்று சொல்கிறது. காய்ச்சினாலும் சோப்பு நுரைக்காத தண்ணீர் மூன்றாவது, அதில் அதே கால்சியமும் மெக்னீசியமும் சல்பேட்டாகவோ குளோரைடாகவோ இருக்கின்றன. இது நிரந்தரக் கடினத்தன்மை. பெரும்பாலான போர் தண்ணீரில் மூன்றும் கலந்தே இருக்கும். எந்த விகிதத்தில் என்பதுதான் கேள்வி, அந்த விகிதத்தைப் பொறுத்தே வைத்தியமும் மாறும்.

ஆகவே சோதனைக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. மோட்டாரை கால் மணி நேரம் ஓடவிட்டு, தொட்டியிலிருந்து அல்லாமல் குழாய் முனையிலிருந்தே, சுத்தமான புட்டியை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை, மொத்தக் காரத்தன்மை (பெரும்பாலும் பைகார்பனேட்டுகளின் அளவு), குளோரைடு, இரும்பு ஆகிய நான்கையும் பாருங்கள். கடினத்தன்மையும் காரத்தன்மையும் கால்சியம் கார்பனேட் அளவிலேயே தரப்படுவதால் நேரடியாக ஒப்பிடலாம். காரத்தன்மை கடினத்தன்மைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் கடினத்தன்மை முழுவதும் தற்காலிகம். குறைவாக இருந்தால், காரத்தன்மையின் அளவுக்குத் தற்காலிகம், மீதி நிரந்தரம்.

இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 (2012) குடிநீருக்கு மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கத்தக்க அளவாகவும் வைத்திருக்கிறது. டிடிஎஸ்ஸுக்கு அதே முறையில் 500, 2000. உலகச் சுகாதார நிறுவனமோ கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் வரம்பு எதையும் வகுக்கவில்லை. அச்சப்பட வேண்டியது உங்கள் கீசர், உங்கள் குழந்தை அல்ல.

குழாய்க்காரர்:

ஐயா சொன்னதற்கு மேல் வேதியியல் எனக்குத் தெரியாது. ஆனால் இருபது ஆண்டுகளாகக் கீசர்களைக் கழற்றி வருபவன் என்ற முறையில் அந்தச் சோளப்பொரி ஒலியைப் பற்றிச் சொல்கிறேன். சூடாக்கும் கம்பிச்சுருளின்மேல் உப்பு பிடித்து, அந்த ஓட்டுக்கும் கம்பிக்கும் இடையே சிக்கிய தண்ணீர் ஆவியாகி வெடிக்கும் ஒலி அது. போன மாதம் உங்கள் பகுதியில் ஒரு 25 லிட்டர் கீசரைக் கழற்றினேன். அடித்தட்டைத் திறந்ததும் முட்டை ஓட்டைப்போன்ற சில்லுகள் கொட்டின. அள்ளியதில் அரை வாளி நிறைந்தது. கம்பிச்சுருள் கட்டைவிரல் பருமனுக்கு வெள்ளையாக இருந்தது. அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய மெக்னீசியம் ஆனோடு கம்பி கரைந்துபோய், நடுவில் இருக்கும் இரும்பு ஊசி மட்டும் நின்றது. அந்தக் கம்பிதான் தான் கரைந்து தொட்டியைத் துருவிலிருந்து காப்பது. வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் பார்த்ததில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். இந்தத் தண்ணீருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

கீசரின் திருகை உச்சத்தில் வைத்து நாள் முழுவதும் ஓடவிடாதீர்கள். சூடு கூடக் கூட உப்பு வேகமாகப் பிடிக்கும். சூரிய வெந்நீர் வைக்கும் எண்ணம் இருந்தால், இந்தத் தண்ணீருக்கு நேரடியாகத் தண்ணீர் ஓடும் கண்ணாடிக் குழாய் வகை சரிப்படாது, குழாயின் அடியில் சுண்ணாம்பு மண்டிவிடும். வெப்பப் பரிமாற்றி உள்ள வகையைக் கேளுங்கள், விலை கூடுதல்தான்.

அடுப்பங்கரை:

பருப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளோடு தண்ணீரிலுள்ள கால்சியம் சேர்ந்து இறுகிவிடுவதால்தான் பருப்பு வேக மறுக்கிறது. ஊறவைக்கும் தண்ணீரிலேயே இது தொடங்கிவிடும். எனவே போர் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, வேகவைக்கும்போது மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றினால் பாதிப் பயன்தான். பருப்பு, கொண்டைக்கடலை, காபி, தேநீர் ஆகியவற்றுக்கு ஒரு நாளைக்கு எங்கள் வீட்டில் நான்கைந்து லிட்டர் நல்ல தண்ணீர் போதுமாக இருக்கிறது. ஒரு குடத்தை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். ஆப்ப சோடா போட்டால் உடனே வெந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அது பருப்பிலுள்ள பி1 வைட்டமினை அழித்துவிடும், சாம்பாரும் வழவழப்பாகிவிடும்.

இட்லிப் பானையில் ஒரு துண்டுப் புளியோ பிழிந்த எலுமிச்சை மூடியோ போட்டு வைக்கும் பழக்கத்தை மாமியாரிடமிருந்து காரணம் தெரியாமல் கற்றுக்கொண்டேன். பானை கறுக்காமல் இருக்க என்று அவர் சொல்வார். சுண்ணாம்பு படியாமல் இருப்பதற்கும் அதே புளிப்புதான் காரணம் என்பது பிறகு புரிந்தது. ஏற்கெனவே படிந்திருந்தால், ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், கரகரவென்று நுரைத்து எழும்பிவிடும். ஷவரின் முகப்பையும் கழற்றி அதிலேயே போடலாம்.

குழாய்க்காரர்:

இதில் ஓர் எச்சரிக்கை. குளியலறைக்கு ஆசிட் வாங்கி ஊற்றுபவர்கள் அதிகம். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. மார்பிள் தரையிலோ எலுமிச்சை உப்பைக்கூட ஊற்றாதீர்கள். மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான், கறையோடு தரையும் கரையும்.

மென்னீர் விரும்பி:

நான் இத்துறையில் விற்பனை செய்பவன், அதை மறைக்கவில்லை. கம்பி வித்தை காட்டுபவர்களால் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர். ஆனால் அதற்காகச் சாஃப்ட்னரே தேவையில்லை என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. எலுமிச்சை உப்பால் பாத்திரத்தைக் கழுவலாம், சுவருக்குள் ஓடும் குழாயைக் கழுவ முடியுமா? நிரந்தரக் கடினத்தன்மையைக் காய்ச்சி நீக்க முடியாது. வீட்டளவில் அதை முழுமையாக நீக்குவதற்கு நடைமுறையில் இருக்கும் வழி அயனிப் பரிமாற்றப் பிசின்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. மணல்போன்ற பிசின் மணிகளில் சோடியம் அயனிகள் ஒட்டியிருக்கும். கடின நீர் அவற்றின் வழியே இறங்கும்போது ஒரு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியத்தை விடுவிக்கும். மணிகள் நிறைந்தபின் அடர்த்தியான உப்புக் கரைசலைச் செலுத்தினால் கால்சியம் வெளியேறி, மீண்டும் சோடியம் ஏறும். மேற்கண்ட நண்பரின் வீட்டுக்கு என்ன அளவு வேண்டும் என்பதை அறிக்கை வந்ததும் நானே கணக்கிட்டுத் தருகிறேன். என்னிடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

பழைய ஆய்வகம்:

இவர் சொல்வது சரி, இப்படி நேர்மையாகப் பேசும் விற்பனையாளர் கிடைப்பது அரிது. இரண்டை மட்டும் சேர்க்கிறேன். சாஃப்ட்னர் உப்பை நீக்குவதில்லை, மாற்றுகிறது. ஆகவே டிடிஎஸ் கருவி முன்பு காட்டிய எண்ணையே ஏறத்தாழப் பின்பும் காட்டும். இதைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவர்களை நான் அறிவேன். இரண்டாவது, 100 மில்லிகிராம் கடினத்தன்மை நீங்கும்போது லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேர்கிறது. கடினத்தன்மை 600 என்றால் 276 மில்லிகிராம். அப்படிப்பட்ட தண்ணீரை ஒருவர் நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தால், உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் 2,000 மில்லிகிராம் வரம்பில் கால்பங்குக்கு மேல் தண்ணீரிலேயே போய்விடும். இரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கும் வீட்டில் சமையலறைக் குடிநீர்க் குழாயைச் சாஃப்ட்னரோடு இணைக்கக் கூடாது.

யாழ்க் கிணறு:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடாநாடே சுண்ணாம்புப் பாறையின்மேல் இருக்கிறது, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்று ஒன்று இல்லை. மழை நீர் அந்தப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடல் நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. அதைத்தான் கிணற்றிலிருந்து அள்ளுகிறோம். எனவே கேத்திலின் உட்புறம் வெள்ளையாக இருப்பது எங்களுக்குப் பிறந்தது முதல் பழகிய காட்சி. பிளேன்டீ ஊற்றி வைத்தால் சிறிது நேரத்தில் மேலே ஓர் ஆடை படரும், தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்தால் அது மறைந்துவிடும்.

உங்கள் ஆய்வக ஐயா சொன்ன மூன்று தண்ணீர் கதை இங்கே கண்முன்னால் நடக்கிறது. காய்ச்சினால் படியும் சுண்ணாம்புத் தண்ணீர்தான் எங்களுடைய இயல்பான தண்ணீர். ஆனால் மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உவர் நீர் மேலேறி, அதே கிணறு கரிக்கத் தொடங்கும். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேற்பகுதி நன்னீராகவும் ஆழத்தில் உவராகவும் இருப்பதைப் பாடசாலைச் சுற்றுலாவிலேயே காட்டுவார்கள். முதலாவதை சாஃப்ட்னர் சரிசெய்யும், இரண்டாவதை ஒருபோதும் சரிசெய்யாது. எங்கள் அயலில் ஒருவர் இது தெரியாமல் கரிக்கும் கிணற்றுக்குச் சாஃப்ட்னர் பூட்டிவிட்டு, சுவை மாறவில்லை என்று இன்னும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

தேற்றாங்கொட்டையைப் பற்றி யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: அது கலங்கலைத் தெளியவைக்கும், கரைந்த சுண்ணாம்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கவலையுள்ள தாய்:

என் மகனுக்கு மூன்று வயது, முழங்கை மடிப்புகளில் எக்சிமா இருக்கிறது. கடின நீர்தான் காரணம், சாஃப்ட்னர் வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு நிறுவனத்தார் சொல்கிறார்கள். இது உண்மையா?

பழைய ஆய்வகம்:

அம்மா, நான் மருத்துவன் அல்லன், ஆனால் இதற்கென்றே இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. கடின நீர்ப் பகுதிகளில் மிதமான அல்லது கடுமையான எக்சிமா உள்ள 336 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் வீடுகளில் 12 வாரங்கள் சாஃப்ட்னர் பொருத்தினார்கள். வழக்கமான சிகிச்சையோடு சாஃப்ட்னரும் சேர்ந்ததால் நோயின் கடுமையில் கூடுதல் முன்னேற்றம் ஏற்படவில்லை என்று 2011இல் முடிவு வெளியானது. நோய் தொடங்குவதில் கடின நீருக்குப் பங்கு உண்டா என்பது வேறு கேள்வி. சில கணக்கெடுப்புகள் தொடர்பைக் காட்டியிருக்கின்றன. ஆனால் இருக்கும் எக்சிமாவைக் குணப்படுத்தும் கருவியாக அதை வாங்காதீர்கள். தோல் மருத்துவர் சொன்ன களிம்பைத் தொடருங்கள், சோப்பைக் குறையுங்கள், குளித்தவுடன் தோல் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

சோப்பைக் குறையுங்கள் என்று சொன்னதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடின நீரில் சோப்பு முதலில் கால்சியத்தோடு சேர்ந்து ஒட்டும் தன்மையுள்ள வெண்பசையாகத் திரிகிறது. கால்சியம் முழுவதும் தீர்ந்த பிறகே நுரை வரும். கடினத்தன்மை 600 உள்ள 15 லிட்டர் வாளித் தண்ணீரை முழுவதுமாக நுரைக்கவைக்க வேண்டுமென்றால், நுரை தொடங்குவதற்கு முன்பே ஐம்பது கிராமுக்கு மேல் சோப்பு வீணாகும். அரைக் கட்டி சோப்பு! யாரும் வாளிக்குள் சோப்பைக் கரைப்பதில்லை என்றாலும், உடம்பிலும் தலையிலும் ஒட்டுவது அந்தப் பசையின் ஒரு பகுதிதான். தலைமுடி நார்போல் ஆவதாக நொய்யல்கரையின் மனைவி சொன்னதற்கும் அதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும். தலைக்குச் சோப்பு போடுபவரானால் ஷாம்புவுக்கு மாறினாலே பாதி தீரும். ஷாம்புவிலுள்ள நுரைப்பான்கள் கால்சியத்தோடு அவ்வாறு திரிவதில்லை.

காந்தம்:

குழாயின்மேல் காந்தம் கட்டினால் போதும், உப்பும் வேண்டாம், பிசினும் வேண்டாம் என்கிறார்களே? எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு நிறுவனம் பொருத்திவிட்டுப் போயிருக்கிறது.

மென்னீர் விரும்பி:

அதைப் பொருத்துவதற்கு முன்பும் பின்பும் கடினத்தன்மையை அளந்து பாருங்கள், மாறியிருக்காது. படிவின் தன்மை மாறும், குழாயில் ஒட்டாது என்பதுதான் அவர்கள் வாதம். அதற்குக் கிடைத்திருக்கும் சோதனை முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சலவை இயந்திரத்தின் குழாயில் பொருத்தும் பாஸ்பேட் உருண்டைகள் வேறு வகை. அவை கால்சியத்தை நீக்காவிட்டாலும் படியவிடாமல் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். குளிர்ந்த நீரில் துவைக்கும் இயந்திரத்துக்குப் பயன்படும், மிகச் சூடான கீசருக்குள் அதன் ஆற்றல் குறைந்துவிடும். உருண்டைகள் கரைந்து தீர்ந்தபின் மாற்ற வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

நொய்யல்கரை:

அறிக்கை வந்துவிட்டது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் மொத்தக் கடினத்தன்மை 620, காரத்தன்மை 340, குளோரைடு 390, டிடிஎஸ் 1450. இரும்பு மிகக் குறைவு. ஐயா சொன்ன கணக்குப்படி 340 தற்காலிகம், 280 நிரந்தரம் என்று புரிந்துகொள்கிறேன். விற்பனையாளர் இதற்குள் மூன்று முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார். இப்போது வீடு முழுவதற்கும் சாஃப்ட்னர் போடுவதா?

மென்னீர் விரும்பி:

கணக்கு இதோ. வீட்டில் நான்கு பேர், ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்றால் மொத்தம் 540 லிட்டர். கடினத்தன்மை 620 என்பதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 335 கிராம் சுண்ணாம்பை நீக்க வேண்டும். ஒரு லிட்டர் பிசின் ஒரு சுற்றில் ஏறக்குறைய 50 கிராம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 25 லிட்டர் பிசின் நான்கு நாட்களுக்குள் நிறைந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு கிலோ உப்பு, அதாவது மாதம் முப்பது கிலோ. அந்தத் தண்ணீரில் பாதி கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வாசல் தெளிக்கவும் போகும். கழிப்பறைக்கு மென்னீர் எதற்கு? மாறாக, கீசருக்குப் போகும் குழாயையும் சலவை இயந்திரத்தையும் மட்டும் இணைத்தால் 250 லிட்டர்தான், அதே இயந்திரம் எட்டு நாட்கள் தாங்கும், உப்பும் பாதியாகும். புதிய வீடு என்பதால் குழாயைப் பிரிப்பது பெரிய வேலையாக இருக்காது என்று நினைக்கிறேன், குழாய்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

குழாய்க்காரர்:

மாடித் தொட்டியிலிருந்து கீசருக்குத் தனிக் குழாய் இறங்கினால் அரை நாள் வேலை. பக்கவழி வால்வு ஒன்று கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள், இயந்திரம் பழுதானால் அன்றைக்குக் குளிக்காமல் இருக்க முடியாது. உப்புப் போட்டுக் கழுவும்போது வெளியேறும் தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் விடுங்கள். தோட்டத்தில் விட்டால் சோடியம் ஏறி மண் இறுகிவிடும், தென்னையே தாங்காது. மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் விட்ட ஒரு வீட்டையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் தங்கள் கிணற்றுக்குத் தாங்களே உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுப்பங்கரை:

மழைநீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லோரும் குழி மட்டுமே தோண்டினோம். கூரை நீரை ஒரு தொட்டியிலும் பிடிக்கலாம், மழைநீரில் கடினத்தன்மை ஏறத்தாழ இல்லை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக எழுநூறு லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, வலையால் மூடிய தொட்டியில் பிடித்தால் ஐப்பசி முதல் மார்கழி வரை எங்கள் வீட்டுப் பருப்புக்கும் துணிக்கும் அதுவே போதுமாக இருக்கிறது. குடிப்பதானால் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

பழைய ஆய்வகம்:

குடிநீருக்கு ஆர்ஓ வைப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். நல்ல தண்ணீரைப் பிடித்து வைக்க இடம் இருக்கும்வரை தேவையில்லை. டிடிஎஸ் 500க்குக் குறைந்த தண்ணீருக்கு ஆர்ஓ பயன்படுத்துவதைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் அரசுக்குச் சொன்னதன் காரணமே, ஒரு லிட்டருக்காக இரண்டு மூன்று லிட்டரை வீணாக்குவதுதான். நல்ல தண்ணீர் தட்டுப்படும் மாதங்களில் போர் தண்ணீரையே குடிக்க வேண்டியிருந்தால் அப்போது சமையலறைக்கு மட்டும் சிறிய ஆர்ஓ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கழிவு நீரைத் தரை துடைக்கப் பயன்படுத்துங்கள்.

நொய்யல்கரை:

நான்கு மாதங்கள் கழித்து எழுதுகிறேன். 25 லிட்டர் பிசின் உள்ள இயந்திரத்தைக் கீசருக்கும் சலவை இயந்திரத்துக்கும் மட்டும் பொருத்தினோம். பக்கவழி வால்வும் இருக்கிறது. கீசரைத் திறந்து கழுவியபோது, ஒன்பதே மாதங்களில் ஒரு முறம் நிறையச் சில்லுகள் வந்தன. ஆனோடு கம்பி பாதி மிச்சமிருந்ததால் மாற்றவில்லை. பொரியும் ஒலி நின்றுவிட்டது. முதல் வாரம் என் தாயார், “எவ்வளவு ஊற்றினாலும் சோப்பு போகமாட்டேன் என்கிறது, வழுக்கிக்கொண்டே இருக்கிறது” என்று குறைப்பட்டுக்கொண்டார். இப்போது பழைய அளவில் கால்பங்கு சோப்பே போதும் என்று கண்டுகொண்டார். பருப்புக்குத் தனிக் குடம் வந்துவிட்டது, நான்கு விசில்தான்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கணக்குப்படி எட்டு நாட்கள் என்று உப்புப் போட்டு வந்தேன், ஆனால் சில வாரங்களில் ஏழாம் நாளே கீசர் தண்ணீர் பிடித்த தம்ளரில் புள்ளி தெரிந்தது. துளிக்கணக்கில் கடினத்தன்மையைப் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கினேன். சிவப்பு நிறம் நீலமாக மாறும்வரை துளிகளை எண்ண வேண்டும், எங்கள் பெட்டியில் ஒரு துளிக்கு 25 மில்லிகிராம். போர் தண்ணீருக்கு இருபத்தைந்து துளிகள் ஆயின. சாஃப்ட்னர் தண்ணீருக்கு முதல் துளியிலேயே நீலம். விருந்தினர் வந்து போன ஒரு வாரத்தில் ஆறாம் நாள் காலை இரண்டு துளி, அன்று மாலை ஏழு துளி.

மென்னீர் விரும்பி:

நாளை எண்ணாதீர்கள், லிட்டரை எண்ணுங்கள். இயந்திரத்துக்குப் போகும் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டரைப் பொருத்திவிட்டு 1,800 லிட்டர் ஆனதும் உப்புப் போடுங்கள். கல்லுப்பு வாங்கும்போது மண் கலக்காததாகப் பாருங்கள்.

நொய்யல்கரை:

மீட்டர் நேற்றுப் பொருத்தியாகிவிட்டது. இன்று காலை 212 காட்டியது.